4 கோடி ரூபாய் எஸ்யூவி: லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், ஆண்டுக்கு எவ்வளவு செலவு? முழு விளக்கம்

புதுடெல்லி: அதிவேக சொகுசு எஸ்யூவி ஒன்று இந்தியச் சந்தையில் அறிமுகமாகும்போது, அதன் விலையும் குதிரைத்திறனும் செய்தியாகின்றன. அதை வாங்கியவர் ஆண்டுதோறும் எவ்வளவு செலவிட வேண்டியிருக்கும் என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. புதிய வாகனத்தை வாங்குவோரைவிட, இத்தகைய வாகனத்தைப் பழைய கார் சந்தையில் குறைந்த விலைக்கு வாங்க நினைப்போருக்கே இந்தக் கணக்கு மிகவும் தேவைப்படுகிறது. சில ஆண்டுகள் ஓடிய வாகனத்தின் விலை பாதியாகக் குறையலாம். ஆனால் அதன் டயர், பிரேக், உதிரி பாகங்கள் ஆகியவற்றின் விலை குறைவதில்லை. இந்த வகையில் பரவலாக அறியப்பட்ட லம்போர்கினி உருஸ் வாகனத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, எரிபொருள் சிக்கனமும் பராமரிப்புச் செலவும் எவ்வாறு அமைகின்றன என்பதை விரிவாகக் காண்போம்.

உருஸ்: அடிப்படைத் தகவல்கள்

இத்தாலிய நிறுவனமான லம்போர்கினி, உருஸ் எஸ்யூவியை 2017 டிசம்பரில் உலகிற்கு அறிமுகப்படுத்தியது. 2018 ஜனவரியில் சுமார் ரூ.3 கோடி ஷோரூம் விலையில் அது இந்தியாவுக்கு வந்தது. 4.0 லிட்டர் கொள்ளளவும் இரட்டை டர்போவும் கொண்ட வி8 பெட்ரோல் இன்ஜின் 650 குதிரைத்திறனையும் 850 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையையும் அளித்தது. சுமார் 2,200 கிலோ எடை கொண்ட இவ்வாகனம் 3.6 விநாடிகளில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டும். அதன் உச்ச வேகம் மணிக்கு 305 கி.மீ.

பின்னர் உருஸ் பெர்ஃபார்மாண்டே, உருஸ் எஸ் ஆகிய 666 குதிரைத்திறன் கொண்ட வகைகள் வெளிவந்தன. 2024-இல் மின்கலத்தை வெளியிலிருந்து சார்ஜ் செய்யக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட் வகையான உருஸ் எஸ்இ அறிமுகமானது. 800 குதிரைத்திறன் கொண்ட இது, அதே ஆண்டு ஆகஸ்டில் ரூ.4.57 கோடி ஷோரூம் விலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

இந்த வினாவுக்கு ஒரே விடை கிடையாது. ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு சோதனை முறையைப் பின்பற்றுவதே காரணம். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டின்படி, 2019-ஆம் ஆண்டு உருஸ் நகரில் ஒரு கேலனுக்கு 12 மைல், நெடுஞ்சாலையில் 17 மைல், சராசரியாக 14 மைல் ஓடும். நமக்குப் பழக்கமான அளவில் சொன்னால் நகரில் லிட்டருக்கு சுமார் 5.1 கி.மீ., நெடுஞ்சாலையில் 7.2 கி.மீ., சராசரியாக 6 கி.மீ.

ஐரோப்பாவில் டபிள்யூஎல்டிபி என்ற சோதனை முறை நடைமுறையில் உள்ளது. அதன்படி உருஸ் பெர்ஃபார்மாண்டே 100 கி.மீ. செல்ல 14.1 லிட்டர் பெட்ரோலை எடுத்துக்கொள்கிறது. அதாவது லிட்டருக்கு சுமார் 7.1 கி.மீ. கிலோமீட்டருக்கு 320 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. இந்தியாவில் விற்பனையாகும் கார்களுக்கு நிறுவன சராசரியாக நிர்ணயிக்கப்பட்ட இரண்டாம் கட்ட உமிழ்வு இலக்கு சுமார் 113 கிராம் என்பதோடு ஒப்பிட்டால் இந்த எண்ணின் அளவு விளங்கும்.

இந்தியாவில் கார்களுக்கு அறிவிக்கப்படும் மைலேஜ் எண்கள் எம்ஐடிசி என்ற ஆய்வகச் சோதனையின் அடிப்படையிலானவை. அந்தச் சோதனையில் உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான். ஐரோப்பிய டபிள்யூஎல்டிபி சோதனையில் அது மணிக்கு 131 கி.மீ. வரை செல்கிறது. ஆகவே, வெவ்வேறு முறைகளில் பெறப்பட்ட எண்களை நேரடியாக ஒப்பிடுவது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

வெளிநாட்டு எண்களை நம் அளவுக்கு மாற்றுவது எளிது. '100 கி.மீ.க்கு இத்தனை லிட்டர்' என்று இருந்தால், 100-ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். அமெரிக்கக் கேலன் கணக்கில் இருந்தால், அந்த எண்ணை 0.425-ஆல் பெருக்க வேண்டும்.

ஆய்வகமும் சாலையும்

ஆய்வக எண்ணுக்கும் சாலை அனுபவத்துக்கும் இடையே எப்போதும் வேறுபாடு உண்டு. 2021-இல் பதிவான வாகனங்களின் உண்மைப் பயன்பாட்டுத் தரவுகளை ஆராய்ந்த ஐரோப்பிய ஆணையம், 2024 மார்ச்சில் தன் அறிக்கையை வெளியிட்டது. பெட்ரோல் கார்கள் சோதனையில் காட்டியதைவிடச் சாலையில் சராசரியாக 20 சதவீதத்துக்கும் சற்று அதிகமாக எரிபொருளைச் செலவிடுவதாக அதில் கூறப்பட்டது.

லிட்டருக்கு 7.1 கி.மீ. என்ற எண்ணோடு இந்த வேறுபாட்டைச் சேர்த்தால், ஏறக்குறைய 5.8 கி.மீ. கிடைக்கும். இது அமெரிக்க மதிப்பீட்டுக்கு நெருக்கமானது. மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களின் நெரிசலில் குளிர்சாதனத்துடன் ஓட்டும்போது 5 கி.மீ. என்று கணக்கிடுவதே பாதுகாப்பானது. நெரிசல் மிகுந்தால் அதற்கும் கீழே இறங்கலாம்.

எரிபொருள் எங்கே போகிறது?

முதற்காரணம் எடை. 2,200 கிலோ எடையுள்ள வாகனத்தை நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர சுமார் 3.05 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. 1,000 கிலோ எடையுள்ள சிறிய காருக்கு 1.39 லட்சம் ஜூல் போதும். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால் பங்கு மட்டுமே சக்கரங்களை அடைவதாகக் கொண்டால், இந்த எஸ்யூவி ஒவ்வொரு சிக்னலில் நின்று கிளம்பி 60 கி.மீ. வேகத்தை எட்டவும் ஏறக்குறைய 38 மில்லிலிட்டர் பெட்ரோல் எரிகிறது. 26 முறை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் தீர்ந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகி வீணாகிறது.

இரண்டாவது, இன்ஜினின் அளவு. 650 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினுக்கு நகரப் போக்குவரத்தில் அதன் திறனில் மிகச் சிறிய பகுதியே தேவைப்படுகிறது. குறைந்த பளுவில் இயங்கும் பெரிய பெட்ரோல் இன்ஜினின் செயல்திறன் குறைவு. நின்றபடி ஓடிக்கொண்டிருந்தாலே மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் செலவாகும். இந்த இழப்பைக் குறைக்கவே, பளு குறைவாக இருக்கும்போது எட்டில் நான்கு சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் தொழில்நுட்பம் இவ்வகை இன்ஜின்களில் உள்ளது. இதே குழுமத்தைச் சேர்ந்த ஆடி ஆர்எஸ் க்யூ8 போன்ற வாகனங்களில் 48 வோல்ட் துணை மின் அமைப்பும் உள்ளது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜினை அணைத்து, வாகனம் சிறிது நேரம் தானாக உருண்டு செல்ல அது உதவுகிறது.

மூன்றாவது, காற்றின் எதிர்ப்பு. உயரமும் அகலமும் கொண்ட எஸ்யூவியின் முன்பரப்பு அதிகம். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாகக் கூடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து 120 கி.மீ.க்குச் சென்றால் அந்த விசை 2.25 மடங்காகிறது. விரைவுச் சாலையில் வேகத்தைச் சற்றுக் குறைப்பதே மிகப்பெரிய சிக்கன வழி என்பதற்கு இதுவே காரணம்.

எந்த பெட்ரோல்? இ20-இன் தாக்கம் என்ன?

அதிக அழுத்தத்தில் இயங்கும் டர்போ இன்ஜின்களுக்கு உயர்ந்த ஆக்டேன் எண் கொண்ட பெட்ரோல் பரிந்துரைக்கப்படுகிறது. ஆக்டேன் எண் போதாதபோது, எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து இன்ஜினில் தட்டும் ஒலி எழும். அதைத் தவிர்க்கக் கணினிக் கட்டுப்பாடு இன்ஜினின் தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போடும். இதனால் திறனும் மைலேஜும் குறையும்.

இந்தியாவில் 95 ஆக்டேன் முதல் 100 ஆக்டேன் வரையிலான உயர்தர பெட்ரோல் குறிப்பிட்ட நிலையங்களில் கிடைக்கிறது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகப்படுத்தியபோது, டெல்லியில் அதன் விலை லிட்டருக்கு ரூ.160 ஆக இருந்தது. வாகனத்துக்கு எந்த ஆக்டேன் தேவை என்பது எரிபொருள் மூடியின் உட்புறத்திலும் கையேட்டிலும் குறிப்பிடப்பட்டிருக்கும். தேவைக்கு மேற்பட்ட ஆக்டேனுக்குச் செலவிடுவதால் கூடுதல் பயன் கிடைப்பதில்லை.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நாடு முழுவதும் விற்பனைக்கு வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ10-க்காக வடிவமைக்கப்பட்டு இ20-க்கு ஏற்பச் சீரமைக்கப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதமும், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கமளித்தது. லிட்டருக்கு 5 கி.மீ. ஓடும் வாகனத்தில் 5 சதவீதக் குறைவு என்றால், 10,000 கி.மீ.க்கு நூறு லிட்டருக்கும் சற்று அதிகமான கூடுதல் பெட்ரோல் தேவைப்படும். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான இறக்குமதி வாகனங்களை வைத்திருப்போர், எந்த அளவு எத்தனால் ஏற்கத்தக்கது என்பதைக் கையேட்டில் உறுதிசெய்துகொள்வது அவசியம்.

ஆண்டுச் செலவு: ஒரு மாதிரிக் கணக்கு

ரூ.4 கோடி மதிப்புள்ள வாகனம், ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டம், பெட்ரோல் லிட்டருக்கு ரூ.100 என்று கொள்வோம்.

எரிபொருள்: லிட்டருக்கு 5 கி.மீ. என்றால் 2,000 லிட்டர், செலவு ரூ.2 லட்சம். கிலோமீட்டருக்கு ரூ.20. லிட்டருக்கு 18 கி.மீ. ஓடும் சிறிய காருக்கு இதே தூரத்துக்கு ஆகும் செலவு சுமார் ரூ.55,600. அதிவேக எஸ்யூவியின் கூடுதல் எரிபொருள் செலவு மாதத்துக்கு ஏறக்குறைய ரூ.12,000 மட்டுமே.

மூன்றாம் நபர் காப்பீடு: 1,500 சிசிக்கு மேற்பட்ட தனியார் கார்களுக்கு 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட ஆண்டுக் கட்டணம் ரூ.7,897. இதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. 1.6 லிட்டர் குடும்பக் காருக்கும் 4.0 லிட்டர் வி8 எஸ்யூவிக்கும் இந்தக் கட்டணம் ஒன்றே.

சொந்தச் சேதக் காப்பீடு: இது வாகனத்தின் காப்பீட்டு மதிப்பை, அதாவது ஐடிவியைப் பொறுத்தது. புதிய வாகனத்தின் ஐடிவி விலையில் 95 சதவீதம். பிரீமியம் 1 சதவீதமே என்று கொண்டாலும் ரூ.3.80 லட்சம், ஜிஎஸ்டியுடன் சுமார் ரூ.4.48 லட்சம். எரிபொருள் செலவைவிட இது இருமடங்குக்கும் அதிகம். தேய்மானக் கழிவு இல்லாத காப்பீடு போன்ற கூடுதல் பாதுகாப்புகளைச் சேர்த்தால் தொகை மேலும் உயரும்.

சுங்கக் கட்டணம்: தேசிய நெடுஞ்சாலைகளுக்கான ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் 2025 ஆகஸ்ட் 15-இல் ரூ.3,000 கட்டணத்தில் அறிமுகமானது. ஓராண்டு அல்லது 200 பயணங்கள், எது முன்னதோ அதுவரை அது செல்லும். இதிலும் சிறிய காருக்கும் சொகுசு எஸ்யூவிக்கும் வேறுபாடு இல்லை.

தேய்மானம்: காப்பீட்டுத் துறை பின்பற்றும் அட்டவணைப்படி, ஓராண்டு முடிவில் வாகன மதிப்பில் 15 சதவீதமும், ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதமும் கழிக்கப்படுகின்றன. ரூ.4 கோடி வாகனம் ஐந்து ஆண்டுகளில் ரூ.2 கோடியாகிறது. சராசரியாக ஆண்டுக்கு ரூ.40 லட்சம். ஐந்து ஆண்டுகளில் 50,000 கி.மீ. ஓடியிருந்தால் கிலோமீட்டருக்கு ரூ.400. சந்தை விலை இந்த அட்டவணையிலிருந்து மாறுபடலாம். எனினும் செலவின் அளவை உணர இக்கணக்கு போதுமானது.

சர்வீஸ், டயர், பிரேக் ஆகியவற்றைச் சேர்க்காமலேயே முதல் ஆண்டில் இவற்றின் கூட்டுத்தொகை சுமார் ரூ.46.6 லட்சம். இதில் எரிபொருளின் பங்கு 4 சதவீதத்துக்குச் சற்று மேல். புதிய வாகனம் வாங்குவோருக்கு மைலேஜ் ஒரு பொருட்டாக இல்லாததன் காரணம் இதில் வெளிப்படுகிறது.

டயர், பிரேக், சஸ்பென்ஷன்

22 அங்குலச் சக்கரங்கள் கொண்ட உருஸ் வாகனத்தில், முன்புறம் 285 மி.மீ., பின்புறம் 325 மி.மீ. அகல டயர்கள் பொருத்தப்படுகின்றன. அளவு வேறுபடுவதால், தேய்மானத்தைச் சமப்படுத்த முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட இயலாது. மென்மையான ரப்பர் கலவை சாலையை நன்கு பற்றும். ஆனால் விரைவில் தேயும். நான்கு டயர்களையும் மாற்றும் செலவு லட்ச ரூபாய் கணக்கில் அமைகிறது. பக்கச்சுவர் உயரம் குறைவு என்பதால், பள்ளத்தில் இறங்கினால் டயரோடு சக்கரமும் சேதமாக வாய்ப்புண்டு.

முன்சக்கரங்களில் 440 மி.மீ. விட்டமுள்ள கார்பன் செராமிக் பிரேக் தட்டுகள் உள்ளன. சாதாரணப் பயன்பாட்டில் அவை நீண்ட காலம் உழைக்கும். எனினும் கல் பட்டு விளிம்பு உடைந்தாலோ, சக்கரத்தைக் கழற்றும்போது அஜாக்கிரதையாக மோதினாலோ மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. காற்றழுத்த சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் உறைகள் ஆண்டுகள் செல்லச் செல்ல விரிசல் காணும். ஒரே இரவில் வாகனத்தின் ஒரு மூலை தாழ்ந்திருப்பது அதன் முதல் அறிகுறி.

வாகனம் ஓடாமல் நின்றாலும் செலவு நிற்பதில்லை. சர்வீஸ் இடைவெளி கிலோமீட்டரோடு காலத்தையும் பொறுத்தது. மின்கலம் தானாக இறங்கும். நீண்ட நாள் ஒரே இடத்தில் நின்றால் டயரின் ஒரு பகுதி தட்டையாகும்.

ஹைபிரிட் வகை தீர்வாகுமா?

உருஸ் எஸ்இ வகையில் 25.9 கிலோவாட் மணி மின்கலம் உள்ளது. பெட்ரோல் இன்றி 60 கி.மீ.க்கு மேல் செல்ல முடியும் என்கிறது நிறுவனம். மின்சாரம் யூனிட்டுக்கு ரூ.8, சார்ஜ் செய்வதில் பத்து சதவீத இழப்பு என்று கொண்டால், ஒரு முழு சார்ஜுக்கு சுமார் ரூ.230 ஆகும். கிலோமீட்டருக்கு ரூ.4-க்கும் குறைவு. தினமும் 40, 50 கி.மீ. ஓட்டி, இரவில் வீட்டில் சார்ஜ் செய்பவருக்கு எரிபொருள் செலவு ஐந்தில் ஒரு பங்காகிறது.

ஆனால் சார்ஜ் செய்யாமல் விட்டால் நிலைமை மாறும். மின்கலம் தீர்ந்த நிலையில் 100 கி.மீ.க்கு 12.9 லிட்டர் தேவை என்பதே அந்நிறுவனத்தின் சோதனை எண். மின்கலமும் மோட்டாரும் சேர்ந்து வாகன எடையை 2,505 கிலோவாக உயர்த்தியுள்ளன. ஐரோப்பிய ஆணையத்தின் அதே ஆய்வில், பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் உண்மையான உமிழ்வு, சோதனை எண்ணைவிடச் சராசரியாக 3.5 மடங்கு அதிகமாக இருந்தது. எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் செய்து மின்சாரத்தில் ஓட்டாததே இதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது.

பழைய வாகனம் வாங்குவோர் கவனத்திற்கு

பத்து ஆண்டுகள் கடந்த அதிவேக சொகுசு எஸ்யூவி ஒன்று, புதிய நடுத்தர எஸ்யூவியின் விலைக்கே பழைய கார் சந்தையில் கிடைக்கக்கூடும். முதல் உரிமையாளர் தேய்மானத்தின் பெரும்பகுதியைத் தாங்கிவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் இரண்டாம் உரிமையாளரின் செலவுக் கணக்கில் எரிபொருளும் பழுதுபார்ப்பும் முன்னிடம் பெறுகின்றன. ரூ.25 லட்சத்துக்கு வாங்கிய வாகனத்துக்கு ஆண்டுதோறும் ரூ.2 லட்சம் பெட்ரோல் செலவு என்பது சிறிய தொகை அன்று. அத்துடன் ஒரு கியர்பாக்ஸ் பழுதோ, சஸ்பென்ஷன் பழுதோ சேர்ந்தால், வாங்கிய விலையில் கணிசமான பங்கு ஒரே ரசீதில் கரைந்துவிடும்.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

* சர்வீஸ் பதிவுகள் முழுமையாக, இடைவெளியின்றி உள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும். ஓடிய தூரம் குறைவு என்பதே நல்ல பராமரிப்புக்குச் சான்றாகாது.

* டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள்.

* வாகனத்தை ஓரிரவு நிறுத்திவைத்து, காலையில் நான்கு மூலைகளும் ஒரே உயரத்தில் உள்ளனவா எனக் காண வேண்டும்.

* நான்கு டயர்கள், பிரேக் தட்டுகள், ஒரு சர்வீஸ் ஆகியவற்றுக்கான விலை மதிப்பீட்டை எழுத்து வடிவில் பெற்ற பிறகே பேரம் பேச வேண்டும்.

* தேய்மானக் கழிவு இல்லாத காப்பீடு பெரும்பாலும் ஐந்து ஆண்டு வரையிலான வாகனங்களுக்கே கிடைக்கிறது. அது இல்லையெனில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், மின்கலம் ஆகியவற்றின் விலையில் பாதியை உரிமையாளரே ஏற்க நேரிடும்.

* மழைநீர் தேங்கிய சாலையில் சென்று இன்ஜினுக்குள் நீர் புகுந்தால் ஏற்படும் சேதத்தை அடிப்படைக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. இன்ஜின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

* வேறு மாநிலத்தில் பதிவான வாகனம் எனில், மறுபதிவுக்கான சாலை வரியைக் கேட்டறிய வேண்டும். தமிழ்நாட்டில் ரூ.20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு 2023 நவம்பர் முதல் 20 சதவீத வாழ்நாள் வரி விதிக்கப்படுகிறது. வரி விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும்.

உண்மையான மைலேஜை அறிவது எப்படி?

வாகனத் திரையில் தோன்றும் எண்ணை மட்டும் நம்பத் தேவையில்லை. பெட்ரோல் குழாய் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் காட்டும் டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். வழக்கம்போல் 200, 300 கி.மீ. ஓட்டிய பின், அதே நிலையத்தில் அதேபோல் மீண்டும் நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் கிடைப்பதே உண்மையான மைலேஜ். இதை மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் நம்பகமான எண் கிடைக்கும்.

அந்த எண்ணைக் கொண்டு ஆண்டுக்கான பெட்ரோல் செலவைக் கணக்கிட்டு, காப்பீடு, டயர், சர்வீஸ் மதிப்பீடுகளையும் அதனுடன் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையை ஆண்டுதோறும் சிரமமின்றிச் செலுத்த இயலுமா என்பதை உறுதிசெய்த பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது.